கானாவளிச் சாப்பாடு

பெங்களூரில் வெளியே சாப்பிடுவது என்றாலே மசால் தோசையும் பிஸிபேளேபாத்தும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. மாநிலத்தின் வடகோடியான பீதர், கலபுரகிச் சமையலுக்கும் அதே மதிப்பு வேண்டும். நகரத்தில் அதைக் காத்துவருபவை ‘கானாவளி’ என்னும் எளிய உணவகங்கள். வடக்கே கரிசல் மண் மழை நின்ற பிறகும் ஈரம் காக்கும். அந்த ஈரத்திலேயே சோளம் விளைந்துவிடும். சோள மாவைக் கையால் தட்டிச் சுட்ட ரொட்டி, எள்ளும் வேர்க்கடலையும் அடைத்த கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, கெட்டித் தயிர் என வறண்ட நிலம் தந்த முழுச் சாப்பாடு அது. ரொட்டி விறைப்பாக இருக்கிறதே என்பார்கள். விறைப்பானது, பல நாள் கெடாமலிருக்கக் காயவைத்த ‘கடக்’ ரொட்டி. கல்லிலிருந்து சுடச்சுட எடுத்தது மெத்தென்றிருக்கும். அரிசிக்குப் பழகிய நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற தயக்கமும் வேண்டாம். தமிழ்நாட்டுக் கரிசல் காட்டிலும் நெடுங்காலம் சோளமும் கம்பும்தான் அன்றாட உணவு.