நிறமும் குறியும்

மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையை நாடுவது ஏன்? திருத்தம் எளிதிற் புலப்படவேண்டும் என்பதற்கே. கணிப்பொறி நிரல்களில் நேரும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ என்னும் கருவியும் இவ்வழியையே மேற்கொள்கிறது. 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இக்கருவி, தட்டெழுதிய கட்டளைக்குத் திரையில் எழுத்தாலேயே விடை தருவது. அதில் நீக்கிய வரி சிவப்பு. சேர்த்த வரி பச்சை.

ஆயின் இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய மாட்டாதார் உளர். ஐரோப்பிய வழியினரான ஆண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் இத்தகையர். அவர்கள் செய்வது யாது? ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கழித்தற்குறியோ கூட்டற்குறியோ நிற்கிறது. அதனைக் கண்டு பொருள் கொள்வர். வேண்டுவோர் சிவப்பும் பச்சையும் விடுத்து மஞ்சளும் நீலமும் அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

மற்றொன்று: நிறமூட்டுவனவும் ஒருவகைக் குறியீடுகளே. விடையைக் கோப்பில் சேமித்தால் அவையும் எழுத்தோடு கலந்து படிப்போரை இடர்ப்படுத்தும். ஆதலின் திரையில் தோன்றும்போது மட்டும் நிறமூட்டுவதே 2013 முதல் இக்கருவியின் இயல்பாயிற்று. கோப்பில் நிறம் இல்லை, குறிகள் உள்ளன, பொருளும் கெடவில்லை.

நிறம் துணையேயன்றி முதலன்று. சிவப்பு மையால் திருத்துவோரும் இதனை நினைவிற் கொள்வது நன்று.