காய் விட்டால் ஏன் வலிக்கிறது?

காலையில் காய் விட்டு, மதிய இடைவேளைக்குள் பழம் விடாத நட்பு உண்டா? சண்டை வருவதாலேயே ஒரு நட்பு கெட்டுப்போவதில்லை. ஆனால், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நெஞ்சு கனத்துப்போகிறதே, அது ஏன்?

அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத இருவர் விளையாடிய பறக்கும் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்களும் அவருக்குத் திருப்பி வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவருமாக ஆடினார்கள். பிறகு அந்த இருவரும் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே வீசிக்கொண்டார்கள். பெயர்கூடத் தெரியாதவர்கள்தான், ஆனாலும் அவருக்கு மனசு வலித்தது. அதையே பின்னர் ஒரு கணினி விளையாட்டாக மாற்றினார். மூன்று பேர் பந்து வீசிக்கொள்வார்கள். திடீரென்று ஒருவருக்கு மட்டும் பந்து வராது.

2003இல் ஆய்வாளர்கள் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன் ஆகியோருடன் சேர்ந்து, வில்லியம்ஸ் இந்த விளையாட்டை ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். பந்து கிடைக்காமல் போனபோது, உடம்பில் அடிபட்டால் சுறுசுறுப்பாகும் ஒரு பகுதி அப்போதும் சுறுசுறுப்பானது. இரண்டு வலியும் ஒன்றேதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால், ஒதுக்கப்பட்டால் வருத்தம் வருவது நம் பலவீனம் அல்ல. எதிரே ஆடுவது வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் வருந்தியவர்கள் உண்டு!

இந்த வலி சிலருக்கு நன்றாகத் தெரியும். அதையே ஆயுதமாக்கிவிடுவார்கள். "அவளோட பேசினா நான் உன்கூடப் பேச மாட்டேன்." "வீட்டுப்பாடம் எழுதித் தரலைன்னா காய்." "சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன், இதுக்குப் போய் அழறியே!" என்றைக்கோ ஒருநாள் கோபத்தில் வந்தால் விட்டுவிடலாம். தினமும் நடந்தால், எப்போதும் நீங்களே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால், அது நட்பு இல்லை, மிரட்டல். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சின்ன விஷயம் ஒன்றுக்கு "மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல தோழன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக உங்களைத் தண்டிக்க மாட்டான். ஆமாம், இதே சோதனையை நம் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். "மாட்டேன்" என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்?

ஏதோ சரியில்லை என்று உடம்பும் சில சமயம் முன்கூட்டியே சொல்லிவிடும். பயந்தால், சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கும். இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், செரிமானம் மந்தமாகும், வயிறு என்னவோ செய்யும். பரீட்சை அன்றும் இப்படித்தான் இருக்கும். ஆனால், ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஆகிறதென்றால் காரணத்தை யோசியுங்கள்.

அந்த ஒருவர் பெரியவராகவும் இருக்கலாம், உறவினராகவும் இருக்கலாம். "இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்று அவர் சொன்னால், அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். பிறந்தநாள் பரிசை ஒளித்து வைக்கும் ரகசியம் வேறு. அது ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்து சிரிப்பில் முடியும். பயமுறுத்திக் காக்கச் சொல்லும் ரகசியத்தை நீங்கள் காக்கத் தேவையில்லை. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் 1098. இந்தியாவில் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது. இரவு, பகல் எந்த நேரமும் அழைக்கலாம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.