பின்வரிசைத் தாளமும் பௌதிகப் பாடமும்

இராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்து வகுப்பறைகளில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும். பின்வரிசை மேசை தாளவாத்தியமாகிவிடும். கானாப் பாட்டு வளர்ந்த வடசென்னை அல்லவா! "தட்டாதே" என்று அதட்டுவது எங்கள் வழக்கம். அந்தத் தாளத்தை ஒருநாள் பாடத்துக்குள்ளேயே விட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?

கம்பியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் எழுகின்றன. முழு எண் மடங்குகள் ஆதலால் அவை ஒரே சுரமாகக் காதில் இழைகின்றன. இழுத்துக் கட்டிய வட்டத் தோலில் எழும் மேற்சுரங்களோ 1.59, 2.14, 2.30 மடங்கு என்று தாறுமாறாக வரும். ஆகவே தோற்கருவி தெளிவான சுரம் தராது என்று மாணவர் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர்.

"அப்படியானால் மிருதங்கத்துக்கு எப்படி சார் சுருதி சேர்க்கிறார்கள்?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும். நிற்கட்டும்! சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதைத்தான் ஆராய்ந்தனர். 1934-இல் இராமன் மீண்டும் விரிவாக எழுதினார். வலந்தலையின் நடுவிலுள்ள கருநிறப் பூச்சுதான் இரகசியம். அது தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி, ஒவ்வோர் அதிர்வையும் வெவ்வேறு அளவில் தாழ்த்துகின்றது. ஒன்பது வகை அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தே மடங்குகளில் வந்து சேருகின்றன.

சூத்திரம் பொய்யன்று. 'எங்கும் சீரான தோல்' என்னும் நிபந்தனையை நாம் கவனிக்காமல் மனப்பாடம் செய்தோம். மிருதங்கம் அதைச் சுட்டிக் காட்டியது. ஆண்டு விழா மேடையில் மட்டும் கலைக்கு இடம் தந்தால் இந்தக் கேள்வி பிறக்காது.

இராமன் விளக்கம் தந்தார். கருவியையே படைத்தவர்கள் தோல் பதமறிந்த கைவினைஞர்கள். பாடப்புத்தகம் அவர்களைச் சொல்வதில்லை. அவர்களுள் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்றொரு நூலே எழுதினார்.

பறைக்கு இத்தகைய பூச்சு கிடையாது. ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்தால் கலைஞர்கள் தீயில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் வற்ற, இழுவிசை கூடுகிறது. தோலின் நிறை சற்றுக் குறைகிறது. இரண்டுமே அதிர்வெண்ணை உயர்த்தும். காய்ச்சுமுன்னும் பின்னும் பறையை நிறுத்துப் பாருங்கள். நிறையின் பங்கைத் தராசு ஏறக்குறையச் சொல்லிவிடும். மிச்சம் இழுவிசையின் வேலை.