'வீட்ல சும்மாதானே இருக்கீங்க?': ஊசிக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடும் நேரக் கணக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தக் குடியிருப்புத் தெருவில் நுழைந்தாலும் இரண்டு, மூன்று வீடுகளின் கேட்டில் ஒரு சின்ன போர்டு தொங்கும். 'இங்கு பிளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும்', 'பீக்கோ, ஃபால்ஸ் அடித்துத் தரப்படும்'. போர்டே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே இன்ஸ்டாகிராம் பக்கம்தான் போர்டு. குரோஷா பை, குழந்தைக்கான தொப்பி, கொலுவுக்கான பொம்மை என எல்லாம் அதில் ஆர்டர் எடுக்கப்படும்.

தைப்பவர், பின்னுபவர் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றுதான்: "வீட்ல சும்மாதானே இருக்கீங்க? நாளைக்கே கொடுத்துடுங்களேன்!"

அந்த 'சும்மா'வில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? மத்தியப் புள்ளியியல் துறை 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு பதில் தருகிறது. சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதே வேலைகளைச் செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடங்கள். அதிலும், இந்த வேலைகளைச் செய்வதாகச் சொன்ன ஆண்கள் 27 சதவீதம்தான், பெண்கள் 81 சதவீதத்துக்கும் மேல். குழந்தைகள், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அதற்குத் தனியாக 137 நிமிடங்கள்.

தையலும் பின்னலும் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நடக்கின்றன. காலை ஸ்கூல் வேன் போனபின் ஒரு மணி நேரம், மதியம் சாப்பாடு முடிந்து வேன் திரும்பும் வரை ஒன்றரை மணி நேரம், ராத்திரி எல்லோரும் தூங்கியபின் கொஞ்சம். நேரம் குறைவு என்பதைவிட, அது துண்டு துண்டாகக் கிடைப்பதுதான் பெரிய சிக்கல்.

பாதியில் எழுந்தால் என்ன ஆகும்?

கைவேலைகளை அழகு, விலை என்று பிரிப்பது வழக்கம். குடும்பத்தோடு சேர்த்துச் செய்பவர்கள் வேறு மாதிரி பிரிக்கிறார்கள். குக்கர் விசில் அடித்தால் சட்டென்று கீழே வைக்க முடியுமா, முடியாதா? இதுதான் அவர்களுடைய அளவுகோல்.

அதில் முதல் இடம் குரோஷாவுக்கு. கொக்கி ஊசி ஒன்றுதான். எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். அதைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கிவிட்டு, அல்லது ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டு எழுந்து போகலாம். குழந்தை நூலைப் பிடித்து இழுத்தாலும் பத்து, பதினைந்து கண்ணி அவிழும். அவ்வளவுதான்.

இரண்டு ஊசிப் பின்னல், அதாவது நிட்டிங், அப்படியில்லை. ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே காத்திருக்கும். பெரியவர்களுக்கான ஸ்வெட்டர் என்றால் நூறைத் தாண்டும். ஊசி நழுவினால் கண்ணிகள் கீழே கீழே வரிசையாக ஓடிவிடும். வரிசையின் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்பது அதில் பாலபாடம். அதோடு சென்னை வெயிலில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவதே ஒரு தவம். இங்கே பின்னப்படும் ஸ்வெட்டர்களில் நிறைய, பெங்களூருவுக்கோ அமெரிக்காவில் பிறந்த பேரக் குழந்தைக்கோ போகிறவைதான்.

தையல் இன்னும் சிக்கல். காரணம் மெஷின் அல்ல, கட்டிங். துணியை விரிக்கத் தரை வேண்டும், தரை காலியாக இருக்க வேண்டும், கவனம் சிதறக் கூடாது. தப்பாகத் தைத்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தப்பாக வெட்டிய பட்டுத் துணியை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் வீட்டில் தைப்பவர்கள் பலர் கட்டிங்கை இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறார்கள். நாலைந்து பிளவுஸை ஒரே மூச்சில் வெட்டி, ஒவ்வொன்றையும் லைனிங், அளவு பிளவுஸோடு தனித்தனிக் கவரில் சுற்றி வைத்துவிடுவது வழக்கம். பகலில் கிடைக்கும் துண்டு நேரத்தில் மெஷின் ஓட்டலாம். ஹெம்மிங், ஊக்கு, கொக்கி வைப்பது எல்லாம் டி.வி. முன்னால்.

இரவில் மோட்டார் மெஷின் ஓட்டினால் அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து பெல் அடிப்பார் என்பதும் இந்த அட்டவணையை எழுதிய காரணங்களில் ஒன்று!

ஒன்றரை கால்பந்து மைதானம்

இந்தத் துண்டு நேரத்தை ஒன்றாகச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2016 ஜனவரி 31 அன்று, 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்துக் காட்டி கின்னஸ் சாதனை படைத்தது. குழுவைத் தொடங்கியவர் சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன். போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். சர்வதேச அளவிலான கால்பந்து மைதானம் ஒன்றரையை மூடிவிடலாம். அதற்கு முன் இந்தச் சாதனை, நெல்சன் மண்டேலாவின் பெயரால் போர்வை பின்னும் தென்னாப்பிரிக்காவின் '67 பிளாங்கெட்ஸ்' இயக்கத்திடம் இருந்தது.

இதை யாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பின்னவில்லை. ஃபேஸ்புக் வழியாகச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், அவரவர் வீட்டில், அவரவருக்குக் கிடைத்த நேரத்தில் பின்னி அனுப்பிய துண்டுகள் கடைசியில் இணைக்கப்பட்டன. குரோஷாவில் 'கிரானி ஸ்கொயர்' எனும் சதுரம் பிரபலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ஒரு சதுரம் முடிந்தால் அது முடிந்த வேலை. அடுத்ததை நாளைக்குத் தொடங்கலாம், அடுத்த மாதமும் தொடங்கலாம்.

ஒரு மனக்கணக்கு: 10 செ.மீ. சதுரங்களாக மட்டும் பின்னியிருந்தால், அந்தப் போர்வைக்கு 11 லட்சத்துக்கும் மேல் சதுரங்கள் தேவை. ஒன்றுக்கு 15 நிமிடம் என்று வைத்தால் ஏறக்குறைய 2.8 லட்சம் மணி நேரம். யாருடைய சம்பளப் பட்டியலிலும் வராத மணி நேரம் அது.

'பொழுதுபோக்கு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இந்த வேலை பணமாக மாறுவது புதிதல்ல. நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் கூடவே போனது. அங்கே தயாரான லேஸ் கடல் கடந்து விற்றது.

பின்னாளில் ஆந்திராவின் நரசாபுரத்தில் இதேபோன்ற குரோஷா லேஸ் தொழிலை ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆராய்ந்தார். 1982இல் வெளியான அவருடைய புத்தகம் இன்றைக்கும் பொருந்துகிறது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்த அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை, 'வீட்டில் இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்றே கருதினார்கள். அதனால் கூலியும் கைச்செலவுக் காசு அளவுக்கே இருந்தது என்பது மீஸ் சொன்ன சாரம். வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் சம்பாதித்தார்கள்.

சென்னையின் மேற்குப் பகுதியில் இந்த முரண் பளிச்சென்று தெரியும். ஆவடியில் ராணுவ உடைகள் தைக்கும் ஆர்டினன்ஸ் குளோத்திங் ஃபேக்டரி இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி கார்மென்ட் யூனிட்கள் இருக்கின்றன. காலை ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கும் கூட்டத்தில் அங்கே போகிறவர்களும் உண்டு. அங்கே தைப்பவருக்கு ஷிஃப்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எனக் கணக்கு இருக்கிறது. குழந்தை பிறந்தபின் அந்த வேலையை விட்டுவிட்டு, அதே கையால் வீட்டில் அதே மாதிரி தையல் போட்டால், அது 'சும்மா' ஆகிவிடுகிறது.

வீட்டிலிருந்து செய்யும் உற்பத்தியையும் வேலையாக மதிக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இலேயே 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

"இவ்ளோ விலையா?"

ஒரு குரோஷா கைப்பைக்கு நூல் 300 ரூபாய், பின்ன 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 50 ரூபாய். கொரியர், பேக்கிங், "கொஞ்சம் குறைச்சுக்கோங்க அக்கா" எல்லாம் போனால் இன்னும் கீழே. அதிலும் நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தால் கதை முடிந்தது.

பெரிய பிராண்டு குரோஷா டாப் 999 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்ற கேள்வி வரும். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நிட்டிங் துணியை மெஷின் நெய்துவிடும். நாம் போடும் டி-ஷர்ட் எல்லாமே அதுதான், திருப்பூரே அதில்தான் ஓடுகிறது. ஆனால் கையால் போடும் குரோஷாவை அப்படியே செய்யும் மெஷின் ஆலைகளில் இல்லை. அதன் தோற்றத்தை ஒத்த துணியைத்தான் மெஷின் தரும். எனவே ஒரு டாப் உண்மையிலேயே குரோஷா என்றால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டிருக்கிறார். விலை ரொம்பக் குறைவு என்றால் யாருடைய மணி நேரம் குறைத்துக் கணக்கிடப்பட்டது என்று யோசிக்கலாம்.

எல்லோரும் பணத்துக்காகச் செய்கிறார்கள் என்பதும் இல்லை. 3,500க்கும் மேற்பட்ட நிட்டிங் ஆர்வலர்களிடம் நடத்தி, 2013இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, அடிக்கடி பின்னுபவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகச் சொன்னதைப் பதிவு செய்தது. ஆன்லைனில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சீரியலைப் பார்த்தபடியே ஒயர் கூடை பின்னிய அம்மாக்களையும் பாட்டிகளையும் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. பிடித்துச் செய்த வேலை, தீபாவளிக்கு முந்தின வாரம் இருபது பிளவுஸாக வந்து குவியும்போதுதான் கழுத்து வலியாக மாறுகிறது. அந்த வாரத்தில் அந்த வீட்டில் சமைப்பது யார் என்பதுதான் உண்மையான கேள்வி. பதில் பெரும்பாலும் தைப்பவரேதான்.

ஆர்டர் எடுப்பவர்கள் சிலர் இப்போது பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே 'ஆர்டர் முடிந்தது' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். பாதி முன்பணம் இல்லாமல் துணியைத் தொடுவதில்லை. நூலை ஒரே சாய லாட்டில் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் பாதிப் போர்வைக்குப் பிறகு அதே நீலம் வேறு நீலமாக வரும். எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பதை போனில் ஒரு போட்டோவாக எடுத்து வைப்பதும் உதவுகிறது. ஒரே நேரத்தில் ஒரு பெரிய வேலை, ஒரு சின்ன வேலை, அதற்கு மேல் ஆரம்பிப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருப்பவர்களும் உண்டு. அலமாரியில் பாதியில் நிற்கும் மூன்று ஸ்வெட்டர்களும் அந்தக் கட்டுப்பாட்டின் லட்சணத்தைச் சொல்லும், அது வேறு.

அரசுக் கணக்கில் வர முடியுமா?

முடியும். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். வீட்டில் தைப்பவரும் அமைப்புசாராத் தொழிலாளிதான். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே செய்யலாம். குழந்தைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் போன்றவை இதன் வழியாக வருகின்றன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அரசுப் பள்ளி மாணவர்களின் இலவசச் சீருடைகள் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தைக்கப்படுகின்றன. உறுப்பினராக இருந்தால் அந்த வேலை கிடைக்கும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 'கலைஞர் கைவினைத் திட்டம்' உண்டு. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள குன்றத்தூரில் 2025 ஏப்ரல் 19 அன்று தொடங்கப்பட்டது. தையல், கூடை முடைதல் உள்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஆன்லைன் தளங்களில் விற்பவர், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே விற்கலாம். தளத்தில் சேர பான் எண்ணை வைத்து ஒரு பதிவு எண் மட்டும் பெற வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது ஒரு உள்ளூர்க் குழப்பத்தைக் கவனிக்க வேண்டும். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரே பஸ் ரூட்டில் இருந்தாலும் போக வேண்டிய மாவட்ட அலுவலகம் வேறு. குடும்ப அட்டையில், ஆதாரில் உள்ள முகவரி எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால், தைப்பதற்குக் கிடைத்த ஒரு பகல் பஸ்ஸிலேயே போகாது.