புது காருக்கு ஆயில் எப்போ மாத்தணும்? 5,000 கி.மீ.-யா, 10,000 கி.மீ.-யா? இதோ முழு விளக்கம்!

புது கார் வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் ஆலோசனைகளும் வந்து சேர்ந்துவிடும். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஆயிலை மாத்திடுங்க, அப்பதான் எஞ்சின் நல்லா இருக்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "ஐயாயிரத்துக்கு மேல விடாதீங்க சார்" என்பார் தெரிந்த மெக்கானிக். ஷோரூமில் கேட்டால், "பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது" என்ற பதில் வரும்.

மூன்று பேர், மூன்று கணக்கு. சீக்கிரம் மாற்றினால் காசு வீணாகுமோ என்ற கவலை. தாமதமாக மாற்றினால் எஞ்சின் போய்விடுமோ என்ற பயம். இதில் யார் சொல்வது சரி? பார்க்கலாம்.

எஞ்சின் ஆயில் என்ன வேலை செய்கிறது?

எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்பதுதான் ஆயிலின் முதல் வேலை. அதோடு முடிவதில்லை. பிஸ்டன் பகுதியின் சூட்டை எடுத்துச் செல்வது, புகைக்கரி, தூசி போன்ற அழுக்கைத் தன்னோடு சுமந்து ஃபில்டரில் சேர்ப்பது, துரு பிடிக்காமல் காப்பது எல்லாமே ஆயில்தான்.

இதற்காக ஆயிலில் பல ரசாயனப் பொருட்கள் கலக்கப்படுகின்றன. அழுக்கைக் கழுவ ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று. கார் ஓட ஓட இந்தப் பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். சூட்டினால் ஆயில் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகும். எரியாத எரிபொருளும் ஈரமும் ஆயிலில் கலக்கும். கவனிக்காமல் விட்டால் கருப்பு நிறத்தில் களிம்பு மாதிரி படிந்து, ஆயில் போகும் சின்னச் சின்ன வழிகளை அடைத்துவிடும். எஞ்சின் பழுதாவது இப்படியும் தொடங்கலாம்.

"5,000 கி.மீ." என்ற பழக்கம் ஏன்?

அம்பாசிடர், ஃபியட் காலத்தில் பயன்பட்டது மினரல் ஆயில். அன்றைய கார்பரேட்டர் எஞ்சின்களில் பெட்ரோல் ஆயிலோடு கலப்பதும் அதிகம். அதனால் அடிக்கடி மாற்றுவது அவசியமாக இருந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நீண்ட காலம் "3,000 மைல்", அதாவது சுமார் 4,800 கி.மீ. என்பது வேதவாக்கு மாதிரி இருந்தது.

பிறகு எரிபொருளை அளந்து தெளிக்கும் எஞ்சின்களும், சீக்கிரம் கெடாத சிந்தெடிக் ஆயிலும் வந்தன. டொயோட்டா நிறுவனம் 2010-ஐ ஒட்டி, அமெரிக்காவில் விற்ற பல மாடல்களுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியை 5,000 மைலில் இருந்து 10,000 மைலாக உயர்த்தியது. கலிஃபோர்னியா மாநில அரசின் கழிவு மேலாண்மைத் துறையோ, "3,000 மைல் கணக்கை விட்டுட்டு மேனுவலைப் பாருங்க" என்று பிரசாரமே நடத்தியது. தேவையில்லாமல் மாற்றினால் கழிவு ஆயில் குவிகிறது என்பதே காரணம்.

ஆக, எல்லா காருக்கும் 5,000 கி.மீ. என்பது பழைய கணக்கு. அப்படியென்றால் 10,000 வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா? அதுவும் இல்லை.

மேனுவலில் பலர் பார்க்காத இன்னொரு அட்டவணை!

காரோடு தரும் ஓனர்ஸ் மேனுவலை டேஷ்போர்டில் இருந்து எடுத்துப் பாருங்கள். பராமரிப்பு அட்டவணை பல கார்களில் இரண்டு இருக்கும். ஒன்று, சாதாரண பயன்பாட்டுக்கு. இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு இதில் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்று இருக்கும். இன்னொன்று, கடுமையான பயன்பாட்டுக்கு. இதில் ஆயில் மாற்றும் இடைவெளி கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். 5,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்று போட்டிருக்கும் மேனுவல்களும் உண்டு. மேலே சொன்ன டொயோட்டாவும் தூசி, டாக்ஸி ஓட்டம் போன்ற நிலைமைகளுக்குப் பழைய 5,000 மைல் கணக்கையே வைத்திருக்கிறது.

"நாம ரேஸா ஓட்டுறோம்? நமக்கு எதுக்கு கடுமையான பயன்பாடு?" என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மேனுவல்கள் கடுமையான பயன்பாடு என்று குறிப்பிடுவது பொதுவாக இவற்றைத்தான்:

- அடிக்கடி சில கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி நிறுத்துவது
- டிராஃபிக்கில் நீண்ட நேரம் எஞ்சின் ஓடியபடி நிற்பது
- வெயில் அதிகமுள்ள ஊரில் நெரிசலில் ஓட்டுவது
- தூசி நிறைந்த, மண் சாலைகளில் ஓட்டுவது
- மலைப்பாதையிலும் அதிக பாரத்தோடும் அடிக்கடி ஓட்டுவது
- டாக்ஸியாகப் பயன்படுத்துவது

சென்னையில் தினமும் அலுவலக நேரத்தில் கார் எடுப்பவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம்!

மீட்டர் காட்டாத கணக்கு

ஓடோமீட்டர் தூரத்தை மட்டும்தான் காட்டும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அது சொல்லாது. ஆனால் ஆயிலின் உழைப்பில் அந்த நேரத்துக்கும் பங்கு உண்டு.

உதாரணத்துக்கு, இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சென்னை - மதுரை நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 10,000 கி.மீ. ஓடி முடிக்க அதன் எஞ்சின் சுமார் 167 மணி நேரம் வேலை செய்யும். இன்னொன்று, நகர நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கி.மீ. மட்டுமே நகர்கிறது. அதே 10,000 கி.மீ.-க்கு அதன் எஞ்சின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். மீட்டரில் இரண்டுமே ஒன்றுதான். உழைப்போ மூன்று மடங்கு!

உங்கள் காரின் டிஸ்பிளேயில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால் பாருங்கள். அது 20, 25-ஐத் தாண்டவில்லை என்றால், உங்களுக்கானது இரண்டாவது அட்டவணைதான்.

கார் அதிகம் ஓடவே இல்லை... அப்பவும் மாத்தணுமா?

கண்டிப்பாக! வருடத்துக்கு 3,000 கி.மீ. மட்டுமே ஓடும் கார்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் வரும்போது ஆயில் முழுமையாகச் சூடாவதே இல்லை. அதனால் அதில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் அப்படியே தங்கிவிடும். "எது முதலில் வருகிறதோ" என்பதில் மாதக் கணக்கைச் சேர்த்திருப்பதே இதற்காகத்தான். கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் ஒரு வருடத்துக்கு மேல் அதே ஆயிலில் ஓட்டக் கூடாது.

முதல் 1,000 கி.மீ.-ல் மாத்தியே ஆகணுமா?

புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பதமாகும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய தயாரிப்பு முறையில் பாகங்கள் மிகத் துல்லியமாகக் கடையப்படுகின்றன. சேரும் துகள்களில் பெரும்பகுதியை ஆயில் ஃபில்டரே பிடித்துவிடும். அதனால் பல நிறுவனங்களின் 1,000 கி.மீ. சர்வீஸில் பரிசோதனை மட்டும்தான், ஆயில் மாற்றம் கிடையாது.

மேனுவலில் மாற்றச் சொல்லியிருந்தால் மாற்றுங்கள். சொல்லவில்லை என்றால் அவசியம் இல்லை. மன நிம்மதிக்காக ஒரு தடவை சீக்கிரமே மாற்றினால் தப்பும் இல்லை. சரியான கிரேடு ஆயிலாக இருந்தால் போதும். அதைவிட முக்கியம், முதல் 1,000 கி.மீ.-ல் எஞ்சினை முறுக்கி ஓட்டாமல் இருப்பது.

கெட்டியான ஆயில் ஊத்தினா நல்லதா?

"இது தண்ணி மாதிரி இருக்கு, கெட்டியா ஊத்தலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று குறிப்பிடுவது ஆயிலின் பாகுத்தன்மையை. இன்றைய எஞ்சின்களில் ஆயில் வழிகள் குறுகலானவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகங்கள்கூட ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. கெட்டியான ஆயில் ஊற்றினால் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரம் எடுக்கும், மைலேஜும் குறையும்.

டர்போ பெட்ரோல் கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். டர்போவின் சூட்டையும் ஆயில்தான் தாங்குகிறது. குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் பிரச்னையைத் தடுக்க, 2020-ல் வந்த 'ஏபிஐ எஸ்பி' தரத்தில் தனிச் சோதனையே உண்டு. மேனுவல் அந்தத் தரத்தைக் கேட்டால் அதற்குக் குறைந்ததை ஊற்றாதீர்கள்.

பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. இதற்குச் சாம்பல் குறைவாகத் தரும் ஆயில்தான் வேண்டும். சேர்ந்த கரியை எரிக்க கூடுதல் டீசல் தெளிக்கப்படும்போது, அதில் கொஞ்சம் ஆயிலிலும் கலக்கலாம். டீசல் காரில் ஆயில் அளவு தானாகவே கூடி, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள். உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

செலவு எவ்வளவு கூடும்?

இலவச சர்வீஸ் என்றாலும் பொதுவாக வேலைக் கூலிதான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு கட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ரூ.3,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் 60,000 கி.மீ. ஓடும் காருக்கு, 10,000-க்கு ஒரு முறை மாற்றினால் 6 தடவை, ரூ.18,000. 5,000-க்கு ஒரு முறை என்றால் 12 தடவை, ரூ.36,000. வித்தியாசம் வருடத்துக்கு ரூ.3,600.

நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடும் காருக்கு இது வீண் செலவு. நகர நெரிசலிலேயே காலம் தள்ளும் டர்போ காருக்கு இது காப்பீடு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஓட்டுபவர்கள் 7,500 கி.மீ.-க்கு ஒரு முறை மாற்றுவது நியாயமான சமரசம்.

மேனுவலில் இல்லாத 'எஞ்சின் ஃபிளஷ்', 'ஆயில் ஆடிட்டிவ்' எல்லாம் பில்லில் ஏறினால், "இது கட்டாயமா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

மறக்கக் கூடாத விஷயங்கள்

- மேனுவலில் உள்ள எல்லையைத் தாண்டாதீர்கள். சர்வீஸைத் தவறவிட்டதால் எஞ்சின் கெட்டால், வாரன்டி மறுக்கப்படலாம்.
- இடையில் வெளியே ஆயில் மாற்றினால், கிரேடு, தேதி, கிலோமீட்டர் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள்.
- ஒவ்வொரு தடவையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள்.
- மாதம் ஒரு முறை, சமதளத்தில் காரை நிறுத்தி டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். குறைந்த ஆயிலில் ஓட்டுவது பழைய ஆயிலில் ஓட்டுவதைவிட ஆபத்து.
- நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் காரில் புது ஆயிலும் சீக்கிரமே கருப்பாகிவிடும்.
- ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.
- கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது அபாயகரமான கழிவு.

ஆக, ஷோரூம் சொன்னதும் பொய்யில்லை, மெக்கானிக் சொன்னதும் பொய்யில்லை. இருவரும் வேறு வேறு ஓட்டுநர்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அதில் நீங்கள் யார் என்பது உங்கள் தினசரி ரூட்டுக்குத்தான் தெரியும்!