உங்களுக்குத் தெரியுமா? பொம்மை இல்லாத குடில்

கிறிஸ்துமஸ் குடில் என்றதும் நமக்கு மண்பொம்மைகளும் வண்ண விளக்குகளும் நினைவுக்கு வரும். ஆனால் 1223-இல், இத்தாலியின் கிரேச்சோ மலைக்கிராமத்தில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடில் வேறு மாதிரி. ஒரு தீவனத் தொட்டி, அது நிறைய வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள ஒரு காளையும் கழுதையும். அவ்வளவுதான்!

குழந்தை இயேசு எத்தனை எளிமையில் பிறந்தார் என்பதைக் கண்ணாரக் காண வேண்டும். அதுதான் அவர் ஆசை. ஊர்மக்கள் தீப்பந்தமும் மெழுகுவர்த்தியும் ஏந்தி கிறிஸ்துமஸ் இரவில் திரண்டு வந்தார்கள். தொட்டிக்கு மேலேயே திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் அல்லர், திருத்தொண்டர். அதனால் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். திருப்பலி முடிந்ததும் அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள் என்கிறது அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு.

லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு. காளையும் கழுதையும் இல்லை! ஏசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் மாடும் கழுதையும்தான் பிறப்புக் காட்சிக்குள் வந்து சேர்ந்தன. 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களிலேயே அவை குழந்தையை எட்டிப் பார்த்தபடி நிற்கின்றன.