உங்களுக்குத் தெரியுமா? தாய் உள்ளூர், தந்தை ஆப்பிரிக்கா!

தாய்லாந்துச் சந்தைகளில் தொட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெளிந்துகிடக்கும் வளர்ப்புக் கெளுத்திகளில் பெரும்பாலானவை, அந்நாட்டின் ‘உய்’ கெளுத்தியைத் தாயாகவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தந்தையாகவும் கொண்டு, 1980-களின் பிற்பகுதி முதல் பண்ணையாளர்கள் உற்பத்தி செய்துவரும் கலப்பு வம்சத்தவை. தாயின் மாமிசம் மஞ்சள் நிறமும் மிருதுவான ருசியும் உடையதாயினும் வளர்ச்சி மந்தம், நோய்க்கும் எளிதில் இரையாகும். தந்தையோ துரிதமாகப் பருத்து, அசுத்த நீரையும் சகித்து வாழும் ஜாதி, ருசியில்தான் சற்று மட்டம். ஹார்மோன் ஊசி போட்ட பெண்மீனின் வயிற்றை மெல்லப் பிதுக்கி முட்டைகளைக் கிண்ணத்தில் சேகரிப்பார்கள். ஆண்மீனிடம் அவ்வாறு பிதுக்கிப் பெற இயலாதாகையால், பாவம், அதன் வயிற்றைக் கீறி விந்துப்பையை எடுத்து நசுக்கி, அந்தச் சாற்றை முட்டைகளோடு கலப்பார்கள். பிறக்கும் குஞ்சுகள் தாயினத்துக் குஞ்சுகளைவிட விரைந்து வளரும் எனினும், சகோதர பாசம் அவற்றுக்குக் கிடையாது. பெரியது சிறியதை விழுங்கிவிடுமாதலால், அளவுவாரியாகப் பிரித்துப் பிரித்து வளர்த்தால்தான் எண்ணிக்கை தேறும். இதற்கிடையே, ஆப்பிரிக்க மரபணு தாய்லாந்து நீர்நிலைகளில் இயற்கையாய் வாழும் உய் கெளுத்திகளுக்குள்ளும் புகுந்துவிட்டிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.